கச்சான் காற்றில் ஒரு டென்னிஸ் கோர்ட்

எங்கள் கல்லூரிக்கு உடற்பயிற்சி ஆசிரியையாக அவர் வந்து சேர்ந்த அன்று, ஜட்கா வண்டியிலிருந்து முதலில் ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. அடுத்து ஒரு படுக்கைச் சுருள். கடைசியாக, நான்கு மூலையிலும் திருகாணி வைத்த மரச்சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்டிய ஏதோ ஒன்று. விடுதி வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்த நாங்கள் அது ஏதோ வாத்தியம் என்று பேசிக்கொண்டோம். மற்ற சாமான்களை வண்டிக்காரர் தூக்கிக்கொண்டு போக, அந்தச் சட்டத்தை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்காமல் தானே நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டார். வெயிலில் கறுத்த முகம், ஒட்டிய கன்னம், நீளமான கைகள். எங்களைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ராமநாதபுரத்தில் பெண்கள் படிக்க அப்போதுதான் அந்தச் சிறிய கல்லூரி தொடங்கியிருந்தது. ஒரு பழைய பங்களா, அதன் பின்னால் ஓலைக் கொட்டகைகள், அதற்கும் பின்னால் எதுவும் முளைக்காத களர் நிலம். நான் புதுமடத்துப் பெண். எங்கள் தெருவிலிருந்து வெளியூர் போய்ப் படித்த முதல் பெண் நான்தான். என் வாப்பா கொழும்பில் ஜவுளி வியாபாரம் செய்தார்கள். தனுஷ்கோடியில் கப்பலேறிப் போய், சில மாதங்கள் இருந்துவிட்டு வருவார்கள். முழுக்கை ரவிக்கையும், தலையை மூடிய தாவணியுமாக நான் விடுதியில் இருந்தேன்.

புது ஆசிரியையை மிஸ் என்று கூப்பிட்டோம். வந்த மறுநாளே எங்களைக் களர் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், இங்கே ஒரு டென்னிஸ் கோர்ட் போடப் போகிறோம் என்றார். நாங்கள் யாரும் டென்னிஸ் பார்த்ததில்லை. ஊரில் அதிகாரிகளின் கிளப்பில் ஒரு கோர்ட் இருந்தது. அதைக் காலை நேரத்தில் பெண்களுக்குத் தர முடியுமா என்று மிஸ் போய்க் கேட்டிருக்கிறார். பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று பதில் கிடைத்ததாம். இதை எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. மண்ணைக் காலால் தேய்த்துப் பார்த்தபடியே சொன்னார்.

மண்தான் பிரச்சினையாக இருந்தது. களர் மண் காய்ந்தால் மாவாகிவிடும், நனைந்தால் வழுக்கும். கிணற்றடியிலிருந்து களிமண் கொண்டு வந்து கொட்டி, கல் உருளை உருட்டிப் பார்த்தோம். இரண்டு வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. அப்போது எங்கள் வகுப்பில் வாலிநோக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் வீட்டில் எல்லோரும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். உயரமானவள், அதிகம் பேசமாட்டாள், செருப்பு போட்டு நான் பார்த்ததே இல்லை. அவள்தான் சொன்னாள்.

"உருளையெல்லாம் வேணாம் மிஸ். உப்புப் பாத்தி மிதிக்கிற மாதிரி எல்லாரும் சேந்து மிதிச்சாத்தான் இறுகும். எங்க ஊருல அப்படித்தான் செய்வாக."

மிஸ் உடனே தன் செருப்பைக் கழற்றினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "எப்படின்னு காட்டு" என்றார்.

ஈரக் களிமண்ணில் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்றோம். குதிகாலை ஊன்றி, பாதத்தை அழுத்தி, அரை அடி நகர்ந்து மறுபடி ஊன்ற வேண்டும். வாலிநோக்கத்துப் பெண் முன்னால் நின்று கால் போட, நாங்கள் பின்னால் போட்டோம். கணக்கு படித்தவர்கள், தமிழ் படித்தவர்கள், பிராமண வீட்டுப் பெண், என்னைப் போலத் தலையை மூடியவள், எல்லோரும் முழங்கால் வரை சேறு. முதல்வர் அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, தடுக்காமல் உள்ளே போய்விட்டார். அந்த மாதம் முழுக்கச் சாயங்காலங்களில் மிதித்தோம். ஒரு நாள் மிஸ் அதன்மேல் ஒரு பந்தைப் போட்டார். அது எழும்பி அவர் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அவர் அதைப் பிடிக்காமல் திரும்பத் திரும்ப எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கோடு போடச் சிப்பிச் சுண்ணாம்பு கிடைத்தது. நெட், என் மாமா பின்னிக் கொடுத்த மீன்வலை. மெட்ராஸிலிருந்து மிஸ் சில பழைய ராக்கெட்டுகளை வரவழைத்தார். அவரிடம் இருந்த ஒன்றைத் தவிர வேறு பந்துதான் கிடைக்கவில்லை. வாப்பா கொழும்பிலிருந்து வந்த சமயம், என்னைப் பார்க்க விடுதிக்கு வந்தார்கள். மிஸ் நேராக அவர்களிடம் போய், உங்கள் மகள் டென்னிஸ் ஆட நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் படிப்பே அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வாப்பா தாடியைத் தடவினார்கள். "கொழும்புல தொரமாரு வீட்டுப் பொம்பளைக ஆடுறதப் பாத்திருக்கேன்" என்றார்கள். "ஓடி ஓடி ஆடுற ஆட்டம். தலையில போட்ட துணி நிக்குமாம்மா?"

"ஊக்கு குத்திக்கலாம்" என்றார் மிஸ்.

வாப்பா சிரித்துவிட்டார்கள். அடுத்த பயணத்தில் வரும்போது ஜவுளி மூட்டைக்குள் தகர டப்பாக்களில் வெள்ளைப் பந்துகள் வந்தன. டப்பாவைத் திறந்தபோது புஸ்ஸென்று காற்று வெளியேறியது. ரப்பரும் புதுக் கம்பளியும் கலந்த மணம். நாங்கள் ஆளுக்கொரு தரம் வாங்கி மோந்து பார்த்தோம்.

எங்கள் ஊர்க்காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைக் கச்சான் என்போம். மணலை வாரி முகத்தில் அறையும். கோர்ட்டின் நீளவாக்கில் அது வரும். ஒரு பக்கம் நின்று மெதுவாகத் தட்டினாலும் பந்து விடுதிச் சுவரைத் தாண்டிப் போய் உடைமரத்து முள்ளில் குத்திக்கொள்ளும். மறுபக்கம் நின்று உயிரைக் கொடுத்து அடித்தாலும் நெட்டைத் தாண்டாது. உப்புக்காற்றில் ராக்கெட் நரம்புகள் தொய்ந்துவிடும். அதனால் மிஸ் முதல் நாள் கொண்டு வந்தது போன்ற மரச்சட்டத்தில் பூட்டி விடுதிச் சமையல்கட்டில், அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்போம். எங்கள் ராக்கெட்டுகளில் எப்போதும் தாளித்த வாசனை இருக்கும்.

அந்தக் காற்றிலேயே மிஸ் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். திட்டியதில்லை, தட்டிக் கொடுத்ததும் இல்லை. பந்தைப் போடுவார், நாங்கள் அடிப்போம், மறுபடி போடுவார். நான் சுமாராக ஆடினேன். வாலிநோக்கத்துப் பெண் வேறு மாதிரி. பந்து காற்றில் எங்கே வளையும் என்று அவள் கால்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நாங்கள் ஓடிக்கொண்டிருப்போம். அவள் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பாள். அவள் ஆடும்போது மிஸ் வழக்கத்தைவிட அமைதியாகிவிடுவார்.

அடுத்த வருஷம் மதுரையில் கல்லூரிகளுக்கிடையே போட்டி. ரயிலேறிப் போனோம். அங்கே கோர்ட்டைச் சுற்றி உயரமான மதில். இலை அசையவில்லை. வாலிநோக்கத்துப் பெண் வெறுங்காலோடு இறங்கியதும், போட்டியை நடத்திய அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ஷூ இல்லாமல் ஆட முடியாது, அதுதான் விதி என்றார். அவர் சொன்னதில் கெடுதல் எதுவும் இல்லை. எங்களுக்கு அந்த விதி தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். மிஸ் குனிந்து தன் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி, முனையில் கைக்குட்டையைத் திணித்து, அவள் காலில் மாட்டிவிட்டார். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஷூ போட்டு நடந்தாள். நடக்கவே தடுமாறினாள். காற்று இல்லாத இடத்தில் எங்கள் பந்துகளெல்லாம் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தன. அவள் தோற்றாள், நாங்கள் எல்லோரும் தோற்றோம். அந்த நேரம் முழுக்க மிஸ் மதுரை வெயிலில் கொதிக்கிற தரையில் வெறுங்காலோடு நின்றார். நிழலுக்குப் போகவில்லை. எங்கள் ஆட்டம் முடிந்த பிறகுதான் அவர் பாதத்தில் கொப்புளம் இருந்ததைப் பார்த்தேன்.

 திரும்பும் ரயிலில், மானாமதுரை தாண்டிய பிறகு மிஸ் சொன்னார். "காத்து இல்லாதப்ப பந்து எங்க போகும்னு நமக்குத் தெரியல. நாளையிலேர்ந்து விடியக்காலையில ஆடலாம். அப்பதான் காத்து எந்திரிச்சிருக்காது."

அப்படியே செய்தோம். பாங்கு சொல்லும் நேரத்தில் நான் எழுந்து தொழுதுவிட்டு வருவதற்குள் அவர் நெட்டைக் கட்டிக்கொண்டிருப்பார். வாலிநோக்கத்துப் பெண் ஷூவோடு ஒரு வேளை, வெறுங்காலோடு ஒரு வேளை என்று ஆடிப் பழகினாள். மறுவருஷம் மதுரையில் அவள் கடைசி ஆட்டம் வரை போனாள். தோற்றாலும் கடைசி ஆட்டம். ஊரில் அதைப் பற்றிப் பேசினார்கள். கிளப்பிலிருந்து ஆள் அனுப்பி, காலை நேரத்தில் கோர்ட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். மிஸ் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு எங்கள் மண்ணிலேயே ஆடவைத்தார்.

இவ்வளவு நாளும் மிஸ் எங்களுக்குப் பந்து போடுவதைத்தான் பார்த்திருந்தோம். அவர் ஆடி நாங்கள் பார்த்ததில்லை. எதிரில் நின்று ஆட யார் இருந்தார்கள்?

அந்த ஆடி மாதத்தில்தான் அது நடந்தது. மெட்ராஸில் பெரிய டென்னிஸ் ஆட்டக்காரியாக இருந்த ஒரு அம்மா, குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டுத் திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் இறங்கினார். பத்திரிகையில் படம் வரும் அளவுக்குப் பேர் பெற்றவர். அவரும் மிஸ்ஸும் ஒன்றாகப் படித்தவர்களாம். ஈரம் காயாத கூந்தலோடு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து, மிஸ்ஸைக் கட்டிக்கொண்டார். காபி குடித்தார். கோர்ட்டைப் பார்த்தார். மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு செட் ஆடுவோமா என்று கேட்டார்.

முதல்வர் அம்மா வகுப்புகளை நிறுத்திவிட்டார். எப்படியோ செய்தி பரவி, கிளப்பில் ஆடுகிற டாக்டரும் வக்கீலும்கூட வந்து வேலியோரம் நின்றார்கள். இருவரும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டார்கள். மிஸ் தன்னுடைய நல்ல ராக்கெட்டை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு, நரம்பு அறுந்து முடிச்சுப் போட்ட ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டார். பந்து உள்ளே விழுகிறதா என்று பார்க்க என்னைக் கடைசிக் கோட்டருகே நிற்கச் சொன்னார்கள்.

முதலில் என்னைத் தாக்கியது சத்தம்தான். நாங்கள் அடித்தால் பந்து தொப்பென்று கேட்கும். இவர்கள் அடித்தபோது மரத்தில் கோடரி இறங்குகிற சத்தம். நெட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பந்து போனது, வந்தது, போனது. என் கண்ணால் தொடர முடியவில்லை. எங்களுக்கு அன்றாடம் பந்து பொறுக்கிப் போட்ட அந்த மனுஷி இப்போது வேறு யாரோவாக இருந்தார். ஓடுவதே தெரியவில்லை. சேலை படபடக்கும், பந்து திரும்பிப் போயிருக்கும். எதிர்க்காற்றில் நிற்கும்போது பந்தை வானத்துக்குத் தூக்கி அடிப்பார். அது கோர்ட்டைத் தாண்டி எங்கேயோ போகிறது என்று விருந்தாளி விட்டுவிடுவார். கச்சான் அதைப் பிடித்து இழுத்து, கோட்டுக்குள்ளே கொண்டு வந்து போடும். முதல் தடவை அந்த அம்மா சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. முந்தானையை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டு ஆடினார்.

 கடலில் பெரிய மீன் துள்ளி மேலே வந்து விழுவதைச் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இத்தனை நாள் இந்தத் தண்ணீருக்குள்ளா இது இருந்தது என்று அப்போது தோன்றியது. அன்றும் அப்படித்தான் இருந்தது.

ஐந்துக்கு ஐந்து என்று வந்தது. அடுத்த சர்வீஸ் மிஸ்ஸுடையது. காற்றும் அவர் முதுகுப் பக்கம்.  மிஸ் பந்தைக் கையில் எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோர்ட்டை விட்டு வெளியே வந்து, வாலிநோக்கத்துப் பெண்ணின் கையில் பந்தையும் ராக்கெட்டையும் கொடுத்தார்.

"என்னடி இது, பாதியில விட்டுட்டுப் போற?" என்றார் விருந்தாளி.

"எனக்கு மூச்சு வாங்குது. மீதிய இவ ஆடுவா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டினார். வாலிநோக்கத்துப் பெண் வெறுங்காலோடு போய் நின்றாள். குதிகாலை மண்ணில் ஒரு தரம் ஊன்றி அழுத்திக்கொண்டாள். முதல் பந்து நெட்டில் விழுந்தது. இரண்டாவது பந்தை அவள் காற்றோடு விட்டாள். அது தரையில் பட்டுச் சீறிப் போனது. பேர் பெற்ற அந்த ஆட்டக்காரி ராக்கெட்டைத் தூக்கவே இல்லை. அப்படியே நின்று, பந்து போன திசையைத் திரும்பிப் பார்த்தார். அந்த கேமை எங்கள் பெண் ஜெயித்தாள். ஆறுக்கு ஐந்து.

பிறகு இடம் மாறினார்கள். விருந்தாளி அதன்பின் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, முழு மனசோடு ஆடினார். எட்டுக்கு ஆறு என்று செட் முடிந்தது. தோற்ற பெண் நெட்டருகே போய் நின்றாள். அந்த அம்மா அவளுடைய கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு குனிந்து அவளுடைய காலைப் பார்த்தார். மிஸ்ஸிடம், "இவளை மெட்ராஸுக்கு அனுப்பு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"அதுக்குத்தான் இவளை ஆட விட்டேன்" என்றார் மிஸ்.

இது மட்டும் காரணமாக இருக்குமா என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

வாலிநோக்கத்துப் பெண் பட்டம் வாங்கிய பிறகு மெட்ராஸுக்குப் போய் உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தாள். அவளை ரயிலேற்ற அவளுடைய அய்யா வந்திருந்தார். பயமாக இருக்கிறதா என்று மிஸ் அவரிடம் கேட்டார். "பயமாத்தான் இருக்கு தாயீ. ஆனா அவ ஆடயில நீங்க பாத்தத நானும் பாத்துட்டேன். பொறவு எப்படி வீட்டுல வச்சிருக்கது?" என்றார் அவர். சில வருஷங்களில் அவள் பெயரும் பத்திரிகையில் சின்ன எழுத்தில் வரத் தொடங்கியது. பிறகு திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்தது.

எனக்குக் கல்யாணம் ஆகி, மண்டபத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். மிஸ் அங்கேயே இருந்தார். மெட்ராஸிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள் என்றும், இவர் போகவில்லை என்றும் கேள்விப்பட்டேன். இரண்டாவது கோர்ட் போட்டார். அதையும் பெண்கள்தான் மிதித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிற, ராக்கெட்டைப் பார்த்தே இராத பெண்களுக்கு முதலிலிருந்து பந்து போட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில், கல்லூரிகளுக்கிடையிலான போட்டி முதல் தடவையாக ராமநாதபுரத்தில் நடந்தது. உதவிக்கு வா என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் நானும் அவரும் கோர்ட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். அவர் தலையில் ஓரிரண்டு வெள்ளி முடி. நானும் இரண்டு பிள்ளைகளின் தாய். இனி கேட்கலாம் என்று தோன்றியது. அன்றைக்கு ஐந்துக்கு ஐந்தில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார். "மெட்ராஸ்ல அவகிட்ட நான் எப்பவும் தோத்துக்கிட்டேதான் இருந்தேன். கடைசி ஆட்டம்னா அவளும் நானும்தான், ஜெயிக்கறது அவதான். சலிச்சுப் போய்த்தான் இந்த ஊருக்கு வந்தேன். அன்னைக்கு ஜெயிச்சுடுவேன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் மிஸ்?"

"ஜெயிச்சிருந்தா அடுத்த வண்டியில நானும் மெட்ராஸ் போயிருப்பேன்" என்றார்.

சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போனார்.  அவர் சொன்னது முழுதாக உள்ளே இறங்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

மறுநாள் கடைசி ஆட்டத்தில் எங்கள் கல்லூரியும், வாலிநோக்கத்துப் பெண் பயிற்சி கொடுத்துக் கூட்டி வந்த கல்லூரியும் மோதின. அவள் வெள்ளைச் சேலையும் வெள்ளை ஷூவுமாக வந்திருந்தாள். அவளுடைய பெண்கள் எங்கள் காற்றில், எங்கள் மண்ணில், எங்கள் பெண்களைத் தோற்கடித்தார்கள். கல்லூரியே வாடிப்போயிற்று. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் நெட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஜெயித்த பெண்ணின் கையையே கவனித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும் அவர் நேராக அந்தப் பெண்ணிடம் போனார். பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்தோம். "உன் சர்வீஸ்ல தோள் சீக்கிரம் திரும்புது. எங்க, ஒரு தடவை போடு பாக்கலாம்" என்றார். அந்தப் பெண் குழம்பிப்போய்த் தன் ஆசிரியையைப் பார்த்தாள். வாலிநோக்கத்துக்காரி கையைக் கட்டிக்கொண்டு, தானும் மாணவியாகி, "மிஸ் சொல்றாகள்ல, போடு" என்றாள்.

அவள் போட்டாள். மிஸ் அவள் தோளைப் பிடித்துத் திருத்தினார். மறுபடி போட்டாள். அடுத்து அந்த அணியின் இன்னொரு பெண் வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. தோற்ற எங்கள் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்தார்கள். பரிசுக் கோப்பை மேஜை மேல் அப்படியே இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஜட்கா வண்டிக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார். மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் ரெண்டு பந்து" என்றார்.